பதினெட்டு முடிஞ்ச மாசமே பணம் நின்னுச்சு: ஒரு டெல்டா பையனோட கேஸ்

போஸ்டர் கேர்ல, அதாவது வளர்ப்புப் பராமரிப்புல இருக்கிற பிள்ளைக்கு மாசம் 4000 ரூபா வருது. பதினெட்டு முடிஞ்சா அது நின்னுடும், அதுக்கப்புறம் ஆஃப்டர்கேர்னு ஒரு உதவி இருக்கு, அதுவும் மாசம் 4000 தான். பேப்பர்ல பாத்தா ஒண்ணு முடியுற இடத்துல இன்னொண்ணு ஆரம்பிக்குது. நான் கூட நின்னு அலைஞ்சு, இப்ப எழுதப்போற கேஸ்ல ரெண்டுக்கும் நடுவுல ஆறு மாசத்துக்கு மேல ஒத்த ரூபா வரல, அந்த ஆறு மாசத்துல பையன் படிப்பை விட்டுட்டு திருப்பூர் பஸ் ஏறாததே பெரிய விஷயம். பேர், ஊர், மாவட்டம் எதையும் சொல்லப்போறதில்ல, அடையாளம் தெரியுற சில்லறை விஷயங்களையும் மாத்திட்டேன். டெல்டால கடைமடைப் பக்கம்னு வெச்சுக்கங்க.

பையன் பள்ளிக்கூட ரெக்கார்டுபடி 2006 ஜூன்ல பொறந்தவன். அப்பா விவசாயக் கூலி, குடிச்சுக் குடிச்சே போய்ச் சேந்தாரு. அம்மாவால தனியா சமாளிக்க முடியல, ஒன்பது வயசுல ஒரு ஹோம்ல கொண்டுபோய் சேத்தாங்க. (ஹோம்ல இருக்கிற பிள்ளைங்க எல்லாருமே அப்பா அம்மா இல்லாதவங்கன்னு வெளிய நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, நெறைய பேருக்கு ரெண்டு பேர்ல ஒருத்தர் இருக்காங்க, சோறும் படிப்பும் கிடைக்கட்டும்னுதான் கொண்டாந்து விடுறாங்க.) 2017ல அம்மா வயல்ல களை எடுக்கும்போது பாம்பு கடிச்சு செத்துப்போனாங்க. 2020ல ஊரடங்கு வந்தப்ப ஹோம்ல இருந்த பிள்ளைங்களை முடிஞ்ச வரைக்கும் வீட்டுக்கு அனுப்புனாங்க, இவனுக்குப் போக வீடு இல்ல. அப்பதான் அம்மாவோட ஒண்ணா நடவுக்குப் போயிட்டிருந்த ஒரு அம்மா, அவங்க வீட்டுக்காரரோட வந்து நாங்க வெச்சுக்கிறோம்னு நின்னாங்க. ரத்த சொந்தம் எதுவும் இல்ல. பராமரிப்பு தேவைப்படுற பிள்ளைங்க விஷயத்துல ஆர்டர் போடுற குழந்தைகள் நலக் குழு வீட்டை வந்து பாத்து, அக்கம்பக்கம் விசாரிச்சு, 2021ல போஸ்டர் கேர் ஆர்டர் போட்டாங்க, இளைஞர் நீதிச் சட்டம் 2015ல 44வது பிரிவு. பையன் அவங்களை அத்தை, மாமான்னு கூப்பிடுறான். நானும் இங்க அப்படியே சொல்றேன்.

மொதல்ல மாசம் 2000 வந்துச்சு. 2022ல மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவுக்கு வழிகாட்டுதல் வந்தப்புறம் 4000 ஆச்சு. டவுன்ல இருக்கிறவங்களுக்கு இது சின்னத் தொகையா தெரியலாம், ஆனா அந்த வீட்டோட வருமானம் எப்படி வருதுன்னு தெரிஞ்சாதான் இதோட எடை தெரியும். மாமா நெல் கொள்முதல் நிலையத்துல லோடுமேன், குறுவை அறுப்பு, சம்பா அறுப்பு சமயத்துல காசு பொரளும், மத்த மாசத்துல கிடைச்ச வேலை. அத்தைக்கு நடவு, களை, அப்புறம் நூறு நாள் வேலை. பங்குனி சித்திரை வைகாசியில வீட்ல காசு நடமாட்டமே இருக்காது. அப்ப தேதி தவறினாலும் மாசம் தவறாம வர்றது இந்த 4000மும், 2023 செப்டம்பர்ல இருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும்தான்.

அத்தைக்கு எழுதப் படிக்க சுமாராத்தான் வரும், ஆனா ஒரு நாப்பது பக்க நோட்டு வெச்சிருக்காங்க, பள்ளிக்கூடத்துல குடுத்த பழைய நோட்டுல மீதி இருந்த பக்கம். அதுல 2024 ஏப்ரல் பக்கத்தைப் பாத்தேன். மளிகை 1400, சீட்டு 1000, டியூசன் 500, கேஸ் பாதி, முட்டை, பையனுக்கு செருப்பு 180, முடி வெட்டு 80. கடைசி வரியில "மாத்திர மாமா"னு எழுதி அடிச்சிருந்துச்சு. ஏன் அடிச்சீங்கன்னு கேட்டா, அது பையன் காசுல எழுதக் கூடாதுல்ல சார்னாங்க. மாமாவோட சர்க்கரை மாத்திரை செலவை பையன் கணக்குல போடக் கூடாதுன்னு அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ஆடிட் பண்ற ஆபீசர் யாராவது அந்த நோட்டைப் பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

அந்த சீட்டு ஆயிரத்தை கவனிங்க. பையன் காலேஜ் சேர்றப்ப எடுக்கலாம்னு கட்டிட்டு வந்த ஏலச்சீட்டு அது. நாலாயிரம் நின்ன மொத மாசமே சீட்டும் நின்னுச்சு, நடுவுல விட்டவங்களுக்கு சீட்டு முடிஞ்சப்புறம்தான் காசுன்னு சொல்லிட்டாங்க.

இப்ப பிறந்தநாளுக்கு வருவோம். பையன் ஐப்பசியில, தீவாளிக்கு முன்னாடி பொறந்தவன்னு அத்தை உறுதியா சொல்றாங்க, ஏன்னா அவங்க அப்ப கூட இருந்திருக்காங்க. ஒண்ணாவது சேக்குறப்ப வயசு பத்தணும்னு வாத்தியார் ஜூன்னு போட்டுட்டாரு, நம்மூர்ல பாதிப் பேரோட சர்டிபிகேட் பிறந்தநாள் மே ஜூன்லதான் வரும், அந்தக் கதைதான். அதே இளைஞர் நீதிச் சட்டத்துல 94வது பிரிவு வயசுக்கு பள்ளிக்கூட சான்றிதழைத்தான் முதல் ஆதாரமா எடுத்துக்குது, அதனால ஜூன்னா ஜூன்தான். விளைவு என்னன்னா, 2024 மே 6 பிளஸ் டூ ரிசல்ட் வந்துச்சு, நல்ல மார்க், அடுத்த மாசமே பதினெட்டு முடிஞ்சுருச்சு, பணம் கட். அட்மிஷன் சீசன் நடு மண்டையில. அந்த வருஷம் மேட்டூரும் ஜூன் 12 தொறக்கல, தண்ணியே இல்ல, ஜூலை கடைசியிலதான் தொறந்தாங்க. போர் வெச்சிருந்தவங்க மட்டும் குறுவை போட்டாங்க. அத்தைக்கு நடவு வேலை பாதியாச்சு. அதாவது அரசாங்கப் பணம் நின்ன அதே நேரத்துல வீட்டுக் காசும் நின்னுச்சு.

பையன் அரசு பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் சேந்தான், பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு நேரா ரெண்டாம் வருஷம் குடுப்பாங்க, அதுல. ஃபீஸ் பெரிசு இல்ல, பஸ் பாஸ் ஃப்ரீ. அப்புறம் என்ன செலவுன்னு கேப்பீங்க. படம் வரையுற டிராஃப்டர் கருவி, ஒர்க்‌ஷாப் யூனிஃபார்ம், ஷூ, ரெக்கார்டு நோட்டு, எக்ஸாம் ஃபீஸ், மத்தியான சாப்பாடு. எல்லாமே நூறு எறநூறு ஐநூறுன்னு வரும், ஆனா எல்லாம் ஜூலை ஆகஸ்ட்ல மொத்தமா வரும்.

ஆகஸ்ட் 9 தமிழ்ப் புதல்வன் ஆரம்பிச்சாங்க, அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்ச பசங்களுக்கு காலேஜ்ல மாசம் ஆயிரம். இவனுக்குப் பொருந்தும். லிஸ்ட்லயும் பேர் வந்துச்சு. பணம் வரல. இங்கதான் இந்தக் கேஸோட முடிச்சு இருக்கு, கொஞ்சம் பொறுமையா பாக்கணும்.

அவனோட பேங்க் அக்கவுண்ட் மைனர் அக்கவுண்ட், கார்டியன்னு அத்தை கையெழுத்து. பதினெட்டு முடிஞ்சதும் மைனர் அக்கவுண்டை மேஜரா மாத்தணும், புதுக் கையெழுத்து, புது போட்டோ, புதுசா கேஒய்சி, அது வரைக்கும் அக்கவுண்ட்ல எதுவும் எடுக்க விட மாட்டாங்க. சரின்னு பேங்க்குக்குப் போனா, ஆதார்ல இருக்கிற அட்ரஸ் ஹோமோட அட்ரஸ், அதுவும் வேற மாவட்டம். இந்த ஊர் அட்ரஸ் ப்ரூஃப் குடுன்னாங்க. அத்தை வீட்டு ரேஷன் கார்டுல அவன் பேர் இல்ல. போஸ்டர் கேர் ஆர்டரைக் காட்டினா, அது பதினெட்டோட முடிஞ்சுருச்சே தம்பின்னு கவுண்டர்ல இருந்தவங்க திருப்பிக் குடுத்துட்டாங்க, அவங்க பக்கம் ரூல்படி அதுல தப்பும் சொல்ல முடியாது. ஆதார்ல அட்ரஸ் மாத்தலாம்னு ஆன்லைன்ல போனா ஓடிபி வேற யாரோ ஒருத்தருக்குப் போகுது. யாருக்குன்னு தேடினா, பத்து வயசுல ஆதார் எடுத்தப்ப ஹோம்ல வார்டனா இருந்தவரோட நம்பர். அந்த ஹோம்ல எத்தனை பிள்ளைங்களுக்கு அவர் நம்பர் குடுத்தாரோ, இன்னிக்கும் ராத்திரி பகல்னு ஓடிபி வந்துட்டே இருக்குமாம், ரிட்டயர் ஆகி பேரப்பிள்ளைகளோட இருக்கிற மனுஷன், ஃபோன் பண்ணா நல்லாத்தான் பேசினாரு, ஆனா ஒவ்வொரு தடவையும் அவர் ஃபோனை எடுத்து நம்பர் சொல்றவரைக்கும் காத்திருக்கணும்.

நம்பர் மாத்த ஆதார் சென்டருக்கு நேர்ல போய் ரேகை வெச்சா போதும், வேற டாக்குமென்ட் கேக்க மாட்டாங்க. அட்ரஸுக்கு யுஐடிஏஐ, அதாவது ஆதார் ஆணையம் குடுத்த ஃபார்மேட்ல போட்டோ ஒட்டி சீல் வெச்ச சான்றிதழ் வாங்கணும். ரெண்டும் நடந்துச்சு, ஆனா வரிசையா நடந்துச்சு, ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது, ஒவ்வொண்ணுக்கும் காலேஜ் லீவு. பதினாறு வயசுலயே இதெல்லாம் பண்ணியிருக்கலாம். பத்து வயசுக்கு மேல பிள்ளைங்க சொந்தமா அக்கவுண்ட் நடத்த ரிசர்வ் பேங்க்கே அனுமதி குடுத்திருக்கு, அப்ப வார்டன் நம்பருக்குப் பதிலா வீட்ல இருக்கிற ஒரு நம்பர் போட்டிருந்தா இவ்வளவு அலைச்சலே இல்ல. யார் வேலை அதுன்னு கேட்டா யாரும் கை தூக்க மாட்டாங்க, அதுதான் பிரச்னை.

அக்கவுண்ட் ஏன் இவ்வளவு முக்கியம்னா, ஆஃப்டர்கேர் பணம் நேரா பிள்ளையோட பேங்க் அக்கவுண்ட்டுக்குத்தான் போகணும்னு அந்தச் சட்டத்துக்கு மத்திய அரசு 2016ல போட்ட மாதிரி விதிகள்லயே (மாடல் ரூல்ஸ்) இருக்கு. நல்ல விதி, நடுவுல யாரும் கை வைக்க முடியாது. ஆனா அக்கவுண்ட் முடங்கினா தமிழ்ப் புதல்வனும் வராது, ஆஃப்டர்கேருக்கு விண்ணப்பமும் முழுசாகாது. ஒரே பூட்டுல ரெண்டு கதவு.

அடுத்து சட்டச் சிக்கல். ஆஃப்டர்கேர் விண்ணப்பத்தைக் குடுத்தப்ப ஆபீஸ்ல கேட்ட மொதக் கேள்வி, இவன் எந்த ஹோம்ல இருந்து வெளிய வர்றான்னு. ஹோம்ல இருந்து இல்ல சார், போஸ்டர் வீட்ல இருந்துன்னோம். அப்ப இது ஆஃப்டர்கேர்ல வராதேன்னாங்க. எரிச்சலா இருந்துச்சு, ஆனா அவங்க கையில இருந்த பிரிவைப் படிச்சா அப்படித்தான் தெரியும். சட்டத்தோட 46வது பிரிவு, பதினெட்டு முடிச்சு குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளிய வர்ற பிள்ளைக்கு நிதி உதவி குடுக்கலாம்னு சொல்லுது, குடுத்தே ஆகணும்னு இல்ல. இவன் பதினெட்டுல இல்லத்தை விட்டு வரல, பதினாலுலயே வந்துட்டான். குடும்பத்துல வளர்றதுதான் பிள்ளைக்கு நல்லதுன்னு சட்டமே சொல்லும், சரின்னு குடும்பத்துக்குப் போனவனுக்கு, நீ இல்லத்துல இல்லையே, உனக்கு இல்லன்னா அதைவிட அநியாயம் என்ன இருக்கு. ஹோம்லயே பதினெட்டு வரைக்கும் கெடந்திருந்தா கேள்வியே வந்திருக்காது.

நாங்க எடுத்து வெச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஆஃப்டர்கேர்னா என்னன்னு சட்டம் 2வது பிரிவு 5வது உட்பிரிவுல சொல்லுது: பதினெட்டு முடிச்சு இருபத்தொண்ணு முடியாத, ஏதாவது நிறுவனப் பராமரிப்புல இருந்து வெளிய வந்தவங்களுக்கான உதவி. எப்ப வெளிய வந்தாங்கன்னு அதுல கணக்கு இல்ல. இவன் அஞ்சு வருஷம் இல்லத்துல இருந்தவன், வெளிய வந்தவன், இப்ப வயசு பதினெட்டு. ரெண்டு, மாதிரி விதிகள் 25ல இல்லத்தை விட்டு வர்ற எந்தப் பிள்ளைக்கும் குழு ஆர்டர் போட்டா இருபத்தொண்ணு வரைக்கும் குடுக்கலாம், விதிவிலக்கான நிலைமையில இன்னும் ரெண்டு வருஷம் சேத்தும் குடுக்கலாம். குழுவுல இருந்த ஒரு மேடம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சுப் பாத்துட்டு, இவனைத் தவிர்க்கணும்னு எங்கயும் எழுதலையேன்னாங்க. நவம்பர்ல 37வது படிவத்துல ஆர்டர் வந்துச்சு.

இது ஒரு குழுவோட ஆர்டர், எல்லா மாவட்டத்துலயும் இப்படியே படிப்பாங்கன்னு நான் சொல்ல வரல. இல்லத்துல ஒரு நாள் கூட இருக்காம நேரா போஸ்டர் வீட்டுக்குப் போன பிள்ளைக்கு இந்த வாதமும் கை குடுக்காது, அதுக்கு சட்டத்துலயே ஒரு வரி சேக்கணும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இல்லத்துல இருக்கிற பிள்ளைக்கு, வெளிய வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அடுத்து என்னன்னு ஒரு திட்டம் எழுதி குழுவுக்குக் குடுக்கணும்னு அதே 25வது விதி சொல்லுது. போஸ்டர் வீட்ல இருக்கிற பிள்ளைக்கு அந்த ரெண்டு மாசத்தை ஞாபகம் வெச்சுக்கிற ஆளே கிடையாது. அத்தைக்கு பணம் நிக்கப்போகுதுன்னு தெரிஞ்சதே பணம் நின்னப்புறம்தான், பாஸ்புக் என்ட்ரி போடப் போனப்ப.

ஆர்டர் நவம்பர், மொதப் பணம் ஏறினது 2025 ஜனவரி, பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி. ஜூன்ல இருந்து விட்டுப்போனதுக்கு அரியர் இல்ல, ஆர்டர் மாசத்துல இருந்துதான். அந்த நடு மாசங்கள் எப்படி ஓடுச்சுன்னா, அத்தை மகளிர் குழு லோன் எடுத்தாங்க, வாரா வாரம் கட்டுறது. தோடு அடகுக்குப் போச்சு. பையன் குறுவை அறுப்பு சமயத்துல மாமாவோட கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை தூக்கப் போனான், ஈரப்பதம் அதிகம்னு நெல்லு எடுக்காம கெடந்த நாள்ல கூலியும் இல்ல, காலேஜும் போச்சு. அட்டெண்டன்ஸ் இறங்கிருச்சு. அதே நேரத்துல அவனோட ஹோம்ல படிச்ச ஒரு பையன் திருப்பூர்ல இருந்து வந்து, தங்க இடம் சாப்பாடு குடுத்து வாரச் சம்பளம், வாடான்னு கூப்பிட்டிருக்கான். பையைக் கூட கட்டிட்டான். டிபார்ட்மென்ட்ல ஒரு சார்தான் கூப்பிட்டுப் பேசி, அட்டெண்டன்ஸ் குறைஞ்சதை மன்னிக்கிற கண்டோனேஷன் எழுதிக் குடுத்து, டிராஃப்டரை சீனியர்கிட்ட இருந்து வாங்கிக் குடுத்து நிறுத்தினாரு. அந்த சார் இல்லேன்னா நவம்பர்ல வந்த ஆர்டரை வாங்க ஆளே இருந்திருக்காது. ஒரு திட்டம் பலன் குடுக்குறதும் குடுக்காததும் ஒரு நல்ல மனுஷன் அன்னிக்கு காலேஜுக்கு லீவு போடாம இருந்ததைப் பொறுத்ததா இருக்கக் கூடாது.

வெளிநாட்டுக் கதை ரொம்ப சொல்ல மாட்டேன், ரெண்டு மட்டும். இங்கிலாந்துல 2014ல ஒரு சட்டம் போட்டு, போஸ்டர் வீட்ல இருக்கிற பிள்ளை ரெண்டு பக்கமும் சம்மதிச்சா அதே வீட்ல இருபத்தொண்ணு வரைக்கும் இருக்கலாம், உள்ளாட்சி அதுக்கு ஆதரவு குடுக்கணும்னு வெச்சிருக்காங்க. வேல்ஸ்ல 2022ல ஒரு சோதனைத் திட்டம், பராமரிப்புல இருந்து வந்து பதினெட்டு முடிக்கிறவங்களுக்கு ரெண்டு வருஷம், மாசம் வரிக்கு முன்னாடி 1600 பவுண்டு, நிபந்தனை எதுவும் இல்லாம குடுத்தாங்க. வேல்ஸ் தொகை நமக்கு கனவு, விடுங்க. ஆனா இங்கிலாந்து ஏற்பாடு நமக்கு பெரிய செலவு இல்லாதது. எங்க பையன் விஷயத்துல நடந்ததும் அதுதான், சட்டத்துல பேர் இல்லாமலே. அவன் இன்னும் அத்தை வீட்லதான் இருக்கான். 4000 ரூபாயில தஞ்சாவூர்லயோ திருச்சிலயோ ரூம் எடுத்து சாப்பிட்டுப் படிக்க முடியாது, அத்தை வீட்டுத் திண்ணையும் சோறும் இருக்கவேதான் அந்தத் தொகை போதுது. விதியில ஆறுல இருந்து எட்டு பேர் சேந்து தங்குற குழு வீடு ஏற்பாடும் சொல்லியிருக்கு, நல்லதுதான், ஆனா போக வீடு இருக்கிறவனுக்கு அந்த வீட்டையே தாங்கிப் பிடிச்சா போதும்.

ஒரு விஷயம் மனசுல உறுத்திட்டே இருக்கு. 2021ல கொரோனாவுல அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைங்க பேர்ல தமிழ்நாடு அரசு 5 லட்சம் டெபாசிட் போட்டுச்சு, பதினெட்டுல வட்டியோட கைக்கு வரும். மத்திய அரசு பிஎம் கேர்ஸ்ல இருபத்துமூணு வயசுல 10 லட்சம். நாகப்பட்டினத்துல சுனாமிக்கப்புறம் வந்த அன்னை சத்யா இல்லத்தை நாடே வந்து பாத்துச்சு. எதையும் குறை சொல்லல, குடுத்தது சரி. பாம்பு கடிச்சு செத்த அம்மாவோட பிள்ளைக்கும் பதினெட்டு வயசு அதே மாதிரிதான் வருது, அவ்வளவுதான் சொல்றேன். 2025 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அன்புக்கரங்கள் திட்டம், மாசம் 2000, சாவு எப்படி வந்துச்சுன்னு கேக்காம குடுக்குறது நல்ல மாற்றம், ஆனா அந்த மாசத் தொகையும் பதினெட்டு வரைக்கும்தான்.

பணம் வர ஆரம்பிச்சப்புறம் வீட்ல வேற ஒரு சங்கடம், இதை யாரும் எழுதுறதில்ல. முன்னாடி பணம் வீட்டுக்கு வந்துச்சு, இப்ப பையனுக்கு வருது. ஏடிஎம் கார்டு அவன் பாக்கெட்ல. மாமா மொத மாசம் ஒண்ணும் கேக்கல, ரெண்டாவது மாசம் லோன் தவணைக்குக் கேட்டாரு, பையன் குடுத்தான், மூணாவது மாசம் இஎம்ஐல ஒரு ஃபோன் எடுத்துட்டான், வீட்ல ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்ல. அத்தை எனக்கு ஃபோன் பண்ணி, நீங்க சொல்லுங்க சார், நான் சொன்னா காசுக்குப் பேசுறேன்னு நெனைப்பான்னாங்க. நான் ஃபோனைப் பத்தி எதுவும் சொல்லல. பதினெட்டு வயசுப் பையன் சொந்தமா வாங்குன மொதப் பொருள், அவன் வயசுல எல்லாரும் அப்பா காசுல வாங்குறாங்க. அத்தை வீட்டுக்கு மாசம் எவ்வளவுன்னு நீயே ஒரு கணக்கு சொல்லுன்னு மட்டும் கேட்டேன். 1500ன்னான். அத்தை 1000 போதும்னாங்க. இப்ப நோட்டுல அவன் கையெழுத்துலயே "வீட்டுக்கு 1500"னு இருக்கு. குழு லோன் முடிஞ்சுருச்சு, தோடு இன்னும் கடையிலதான் இருக்கு.

இப்ப கடைசி செமஸ்டர். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில அப்ரெண்டிஸா எடுத்துக்கிறோம்னு கேம்பஸ்ல சொல்லியிருக்காங்க. ஸ்டைபெண்ட் ஒரு மாசம் முடிஞ்சுதான் வரும், அங்க போறப்பவே ரூமுக்கு அட்வான்ஸ், பாய் தலகாணி, மொத மாச சாப்பாடு எல்லாம் கையில வேணும். மாசாமாசம் வர்ற 4000ல அது அடங்காது. 25வது விதியில தங்குற ஏற்பாட்டையும், வேலை கிடைக்கிற வரைக்கும் ஆதரவையும் சேத்தேதான் சொல்லியிருக்கு, அதைக் காட்டி ஒரு தடவைக்கு மட்டும் மொத்தமா ஒரு தொகை கேட்டு குழுவுக்கு மனு எழுதியிருக்கோம். இந்தத் தடவை மனுவோட பேங்க் பாஸ்புக், புது ஆதார், சேர்ற கடிதம் எல்லாம் முன்கூட்டியே வெச்சாச்சு. அடுத்த சிட்டிங்ல எடுக்குறாங்க.